அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன கதை

பிள்ளை,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீ யாரிடமாவது கேள்விப்பட்டு என்னோடு கத்தக் கூடாது. போன வியாழக்கிழமை உன் பையைத் திறந்து, கன்பெராவில் பாராளுமன்ற ஆட்களுக்கு முன்னால் நீ வாசிக்கப்போகிற பேச்சை எடுத்துப் போனில் படம் பிடித்தேன். களவு என்றால் களவுதான். உன் இங்கிலிசை வாசிக்க எனக்கு எங்கே தெரியும்? வேலைக்குப் போகிற ரெயினில் இருந்துகொண்டு, நீ எனக்குக் காட்டித்தந்த அந்தத் தமிழாக்குகிற அப்பில் அதைப் போட்டேன். எழுத்தாக வரும் என்றுதான் நினைத்தேன். எந்தப் பொத்தானை அமத்தினேனோ தெரியாது, போன் வாயைத் திறந்து, செய்தி வாசிக்கிற பொம்பிளையின் குரலில், "மாண்புமிகு உறுப்பினர்களே, நான் ஆறு வயதில் படகில் வந்தேன்" என்று தொடங்கிவிட்டது. நிற்பாட்டவும் தெரியவில்லை, சத்தத்தைக் குறைக்கவும் தெரியவில்லை. நோபல் பார்க்கில் ஏறினதில் இருந்து போனைக் கமக்கட்டுக்குள் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த இரண்டு பெடியன்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஒருவன், "அங்கிள், பேசறது யாருங்க?" என்று கேட்டான். "என்ர மகள்" என்று சொன்னேன். "அப்ப வெளிய எடுங்க அங்கிள், நாங்களும் கேக்கறோம்" என்றான். எடுத்தேன்.

நீ பேனையால் வெட்டியிருந்த வரியும், அதற்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததும் அந்தப் பொம்பிளைக்கு ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே வாசித்தாள். "இங்கு வரும் முடிவை எடுத்தது என் பெற்றோர். அதில் என் பிழை எதுவும் இல்லை. இதை என்னால் சொல்ல முடியாது." அதோடு பேச்சு நின்றுவிட்டது. நீயும் அதற்குமேல் எழுதவில்லை. அந்தப் பெடியன்கள் இரண்டு பேரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் இந்தக் கடிதம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நீ ஸ்பிரிங்வேல் பேக்கரியில் பாண் வெட்டிக்கொண்டிருக்கிறாய், அம்மா முதியோர் இல்லத்துக் குசினியில் கோப்பை கழுவுகிறாள். நாளைக்கு விடிய நீயும் உன்னைப் போலப் பிள்ளைகளும் பஸ் ஏறுகிறீர்கள். எட்டு மணித்தியாலம் என்கிறார்கள். நீ தமிழ் எழுத்துக் கூட்டுகிற வேகத்துக்கு இந்தக் கடிதம் கன்பெரா போய்ச் சேருமட்டும் வரும். உனக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, மலருக்கு எழுத்துச் சேர்க்கிற தவம் அண்ணை இதைத் தமிழ்ப் பள்ளிக்கூட மலரிலும் போடலாமா என்று கேட்டார். எனக்கென்ன, போடட்டும். அதுதான் உன் பெயரை எங்கும் எழுதவில்லை, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்புப் பேனையோடு வராதே.

இரண்டு கிழமைக்கு முன்னம் எங்கள் வீட்டுக்கு வந்த லோயரை நினைத்துப் பார். கால் ஆடுகிற கதிரையை அவவுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நீ என்னை முறைத்தாய். பாவம், அவ ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தா. அவ சொன்னதை நீதான் எங்களுக்குத் தமிழில் சொன்னாய். படகில் வந்தவர்களில் ஒரு பகுதிக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டது. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட எங்களைப் போல ஆட்கள் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கிற விசாவில் இழுபட்டுக்கொண்டிருக்கிறோம். பெரிய ஆட்களின் கதையைக் கேட்டுக்கேட்டு அரசியல்வாதிகளின் காது அடைத்துவிட்டது. ஆனால் பிள்ளைகளாக வந்து, இங்கேயே படித்து, இங்கேயே வளர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு வழி கேட்டால், இரண்டு கட்சியிலும் கொஞ்சப் பேர் காது கொடுப்பார்கள். அதற்கு ஒரு வரி முக்கியம் என்றா. முடிவு எடுத்தது நாங்கள் இல்லை, பெற்றோர் என்ற வரி.

"அப்ப அப்பாவும் அம்மாவும்?" என்று நீ தமிழிலேயே அவவிடம் கேட்டாய். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு இங்கிலிசில் கேட்டாய். "முதலில் பிள்ளைகள் நீங்கள்" என்று அவ சொன்னா. நீ அதை எங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்கு விளங்கியது. அவ போன பிறகு, "நோ வே, அப்பா. உங்களை வித்துப்போட்டு எனக்கு விசா வேண்டாம்" என்றாய். "என்னை ஆர் வாங்குவினம், கொண்டு போய் விலையைக் கேட்டுப் பார்" என்றேன். நீ சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய்.

நீ மட்டும் இல்லை, தவம் அண்ணையும் என்னோடு கோபம். அவர் என்னோடு கீரை பக்கற் பண்ணுகிற பக்ரறியில் வேலை, வில்லாவுட் தடுப்பு முகாமில் நாலு வருசம் இருந்துவிட்டு மெல்பேணுக்கு வந்தவர், மனுசியும் பிள்ளையும் இன்னும் ஊரில். சாப்பாட்டு நேரம் டிபன் பெட்டியைக்கூடத் திறக்காமல் பிடித்துக்கொண்டார்.

"தகப்பனாய் இருந்துகொண்டு நீ ஓமெண்டனியே?"

"ஓம், ஓமெண்டனான்."

"பிள்ளையளைப் பிரிச்சு எடுத்தாப் பேந்து எங்களை ஆர் திரும்பிப் பாக்கப்போறான்? கேட்டா எல்லாருக்கும் கேக்கோணும். இல்லாட்டி ஒருத்தருக்கும் வேண்டாம்."

"இப்பவும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை அண்ணை. இனி என்ன புதுசாக் குறையப்போகுது?"

"உனக்கு எல்லாம் பகிடி."

"சரி, பகிடி இல்லாமல் கேக்கிறன். வில்லாவுட்டிலை உங்கடை பிள்ளையும் உங்களோடை இருந்து, ஒரு நாள் கதவு அதுக்கு மட்டும் திறந்திருந்தா, போகாதை எண்டு காலைப் பிடிச்சிருப்பியளோ?"

அவர் டிபன் பெட்டியைத் திறந்தார், மூடினார். "அது வேறை" என்றார். பிறகு நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே கறுப்புக் கோட். ஸ்பிரிங்வேலில் பழைய உடுப்புக் கடை ஒன்று விடாமல் தேடி எடுத்தாராம். "நீ செய்யிறது சரியெண்டு நான் சொல்லேல்லை. ஆனா பிள்ளை அங்கை போய்ப் பழைய சுவெற்றரோடை நிக்கப்படாது" என்றார். அந்தக் கோட்தான் உனக்கு இவ்வளவு அளவாக இருக்கிறது.

தவம் அண்ணை சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கோயிலில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் தமிழ்நாட்டு ஆள் ஒருவர் நின்றார், கொம்பியூட்டர் வேலை, நல்ல மனிசன். "நீங்க எந்த விசாவுல வந்தீங்க?" என்று கேட்டார். "படகு விசா" என்றேன். அவர், "நாங்கெல்லாம் வரிசையில நின்னு வந்தவங்க பாருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சோதனை எழுதி, வருசக்கணக்காகக் காத்திருந்த களைப்பில் சொன்னார். "அப்ப இந்த வரிசையிலை நீங்கள் எனக்கு முன்னாலை போங்கோ" என்று இடத்தை விட்டேன். மனிசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிடும்போது பக்கத்தில் வந்து இருந்து, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். மகள் பேக்கரியில் வேலை, தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்தும் விசாவில் படிக்க அனுமதி இல்லை என்றேன். வடையைக் கீழே வைத்துவிட்டார். "அதெப்படிங்க? அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்றார். பார்த்தாயா? என்னைப் பற்றிக் கேட்டபோது வரிசை ஞாபகம் வந்தது. உன்னைப் பற்றிக் கேட்டபோது வடை இறங்கவில்லை. லோயர் சொன்ன வரிக்கு எவ்வளவு பலம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

அந்தத் தாதிப் படிப்பு விசயத்திலும் நான் உனக்கு ஒரு மன்னிப்புக் கடன். உனக்கு இடம் கிடைத்தது என்று கேட்ட அன்றே லட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பக்ரறி முழுக்கக் கொடுத்தேன். மனேச்சர், லொறிக்காரன், ஒருவரையும் விடவில்லை. மகள் நேர்ஸ், இனி எல்லாரும் பயமில்லாமல் விரலை வெட்டலாம் என்று சொல்லித்திரிந்தேன். புதுசாக வந்த விசாவில் படிக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கடிதம் ஒரு மாதமாக என் போனுக்குள்தான் கிடந்தது. வாசிக்கத் தெரியாதவன் உன்னிடமாவது காட்டியிருக்கலாம். சோதனை நேரம், பிள்ளையைக் குழப்பக் கூடாது என்று நினைத்தேன். முந்தியே காட்டியிருந்தால் லோயர் ஏதும் செய்திருப்பா, செய்யாமலும் விட்டிருப்பா, தெரியாது. நீ ஒரு சொல் கேட்கவில்லை. அடுத்த கிழமை பேக்கரிக்குப் போய்த் தலைக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டாய். நீ என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இனி நான் இவ்வளவு நேரம் சுற்றிச்சுற்றி வந்த விசயம்.

எங்களுக்கு மறுப்புக் கடிதம் வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. குசினி மேசையில் இருந்து நீதான் எங்களுக்கு வாசித்துச் சொன்னாய். நாலு பக்கம் வாசித்துவிட்டு நிமிர்ந்து, "அப்பா, நீங்கள் ஆமிக்காரருக்குத் தேத்தண்ணி குடுத்தனீங்களா?" என்று கேட்டாய். "ஓம், சீனி கூடப் போட்டனான்" என்றேன். பிறகு பசிக்கிறது என்று சொல்லிக் கடிதத்தை மூடிவைத்தேன். மிச்சத்தை அம்மா அலுமாரிக்கு மேலே வைத்தாள். ஒரு பசியும் இல்லை. மிச்சத்தை நீ வாசிக்கக் கூடாது என்றுதான்.

தேத்தண்ணி கொடுத்தது உண்மை. எங்கள் வீட்டுக்கு அவர்கள் மூன்று தரம் வந்தார்கள். யார் படியேறினாலும் தேத்தண்ணி ஊற்றித்தான் எங்களுக்குப் பழக்கம். தோளில் துவக்கோடு வந்த ஆமிக்காரனுக்கு ஊற்றாமல் விட இன்னும் பயம். முதல் இரண்டு தரமும் அலுமாரியைக் கொட்டிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் தரம் தேத்தண்ணியும் குடித்தார்கள், என்னையும் கொண்டுபோனார்கள். மூன்று கிழமை. அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா உனக்குச் சொன்னாள். நான் திரும்பி வந்தபோது, ஏன் பொம்மை வாங்கி வரவில்லை என்று நீ என்னோடு அழுதாய். கையைத் தூக்கி உன்னைத் தூக்க முடியவில்லை. கொழும்பில் மூட்டை தூக்கிக் கை நோகிறது என்றேன். அங்கே என்ன நடந்தது என்று இதில் எழுத மாட்டேன், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற பிள்ளை எட்டிப் பார்க்கும். அம்மாவுக்குத் தெரியும். நீ திரும்பி வந்து கேட்டால் சொல்லுவேன்.

இங்கே வந்து இறங்கின கையோடு முகாமில் முதல் விசாரணை. ஒபிசர் ஒரு இளம் பொம்பிளை, நல்ல பிள்ளை, உனக்குக் கலர்ப் பென்சில் கொடுத்தா. நீ என் மடியில் இருந்து ஒரு பூனை கீறிக்கொண்டிருந்தாய். மொழிபெயர்க்கிறவர் போனில். "உங்கள் வீட்டுக்கு இராணுவம் வந்ததா?" என்று கேட்டார்கள். நீ கீறுவதை நிற்பாட்டி என் வாயைப் பார்த்தாய். நான் சிரித்துக்கொண்டு, "வந்தவை, தேத்தண்ணி குடிச்சவை, போயிட்டினம்" என்றேன். நீ திரும்பப் பூனைக்கு மீசை வைத்தாய். அவ்வளவுதான். சொன்னது அப்படியே இங்கிலிசில் போய், அப்படியே எழுத்தில் ஏறிவிட்டது. இரண்டு வருசத்துக்குப் பிறகு லோயரோடு தனியே போய் அந்த மூன்று கிழமையைச் சொன்னேன். "அதை ஏன் முதலே சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும், உனக்குத் தெரியும்தானே. சிரித்தேன். அதையும் எழுதினார்கள். மறுப்புக் கடிதத்தில் இருப்பது இதுதான்: வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆகவே நல்ல உறவு, பிறகு சொன்னது சோடிப்பு.

இப்போது நீ மூக்கைச் சிந்துவாய். நான் மடியில் இருந்தபடியால்தான் அப்பா சொல்லவில்லை, என்னால்தான் எல்லாம் என்று நினைப்பாய். விசர்க் கதை. நீ இல்லாவிட்டாலும் அந்த ஒபிசர் பிள்ளைக்கு முன்னால் அழ எனக்கு வெட்கம், ஏதும் ஒரு பகிடி விட்டிருப்பேன். பிள்ளையை வெளியே கொஞ்சம் வைத்திருங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்றே எனக்குத் தெரியவில்லை. வாய் என்னுடையது, பிழையும் என்னுடையது. பூனை மட்டும்தான் உன்னுடையது. அதுவும் நாய் மாதிரி இருந்தது.

ஆகவே, அந்த வரியைச் சொல்லு. பொய் ஒன்றும் இல்லையே. படகில் உன்னைத் தூக்கி ஏற்றியது நான். தேத்தண்ணிக் கதையைச் சொன்னது நான். படிக்கக் கூடாது என்ற கடிதத்தை ஒளித்ததும் நான். இதில் உனக்கு எங்கே பங்கு? ஆனால் ஒன்று. லோயர் எழுதித் தந்ததுபோல அந்த இடத்தில் நிற்பாட்டாதே. "கொண்டுவந்தது என் அப்பா" என்று சொல்லிவிட்டு, அவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நில். யாராவது ஒருவர் ஏன் என்று கேட்பார். கேட்காவிட்டாலும் சொல்லு. மூன்றாம் தரம் வந்தவர்கள் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போகவில்லை என்று சொல்லு. நான் பதின்மூன்று வருசமாக ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் நிற்கிறதை, நீ உன் நல்ல இங்கிலிசில் ஒரு நிமிசத்தில் சொல்லிவிடுவாய். அதை நீ எங்களை விற்பது என்று நினைக்கிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாமல் போனதை, நீ எழுந்து நின்று சொல்லுகிறாய், அவ்வளவுதான்.

அப்படிச் சொல்லியும் உனக்கு மட்டும் தந்தால்? வாங்கு. இரண்டு கையாலும் வாங்கு. எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஒவ்வொரு ஆறு மாதமும் அந்தக் கடிதம் வரும்வரை அம்மா சமைக்கிறதில் உப்பு இருக்காது, நான் இரண்டு மடங்கு பகிடி விடுவேன். உனக்கு எங்கள் வயது வரும்போது நீயும் உப்பில்லாமல் சமைக்க வேண்டாம். தவம் அண்ணை சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கத்தான் வேண்டும். அதை விசா கையில் இருக்கிற ஆள் ஒருவர் நின்று கேட்டால் இன்னும் நல்லாய்க் கேட்கும். அந்த ஆள் நீயாய் இரு. அப்போது எங்களுக்கு என்ன அலுவல் என்று கேட்காதே, உன் பிள்ளைகளுக்குப் பூனை கீறப் பழக்குவேன்.

மிச்சம் எல்லாம் சின்னச் சின்ன விசயம். அங்கே யாராவது, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், மரியாதைக்கு நல்லாய் இருக்கிறோம் என்று சொல்லிவிடாதே. எங்காவது எழுதிவைப்பார்கள். பயம் வந்தால் என்னைப் போலச் சிரிக்காமல் தண்ணி குடி. தேத்தண்ணி கொடுத்தால் குடி, அதில் பிழை இல்லை. பஸ்ஸில் உன் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கும் ரோல்ஸ் கொடு, அம்மா இருபது கட்டிவைத்திருக்கிறாள். பேசி முடிந்ததும் எனக்குப் போன் எடு, பக்ரறியில் போனைக் கையில் வைத்திருக்கக் கூடாது, ஆனால் நாளைக்கு வைத்திருப்பேன்.

இன்னும் ஒரு விசயம். உன் கறுப்புக் கோட்டை அயன் பண்ணிவைக்கும்படி அம்மா சொல்லிவிட்டுப் போனவள். அயன் பண்ணிக்கொண்டிருக்கும்போது, அந்த ரெயின் பெடியன்கள் சப்பாத்தைப் பார்த்ததை மறக்கமுதல் எழுதிவிட வேண்டும் என்று தோன்றிக் கதிரையில் இருந்தேன். முதல் பந்தி மட்டும் எழுதிவிட்டு எழும்பலாம் என்றுதான் இருந்தேன். கோட்டின் முதுகில், வலது தோளுக்குக் கீழே, அயன் பெட்டியின் வடிவத்தில் ஓட்டை. மற்றப்படி கோட் நல்லாய் இருக்கிறது, முன்பக்கம் ஒரு சுருக்கமும் இல்லை. அவர்களுக்கு முகத்தைக் காட்டியபடியே நில், போகும்போது பின்பக்கமாக நடந்து போ. தவம் அண்ணை இதை மலரில் வாசித்து அறிந்துகொள்வார். அங்கே யாராவது கேட்டால், அப்பா செய்தது, அதில் என் பிழை எதுவும் இல்லை என்று சொல்லு.